முதற் காரும் மூன்றாந் தரப்பும்

பாவித்த கார் ஒன்றை வாங்கப் புறப்படும் இளைஞனுக்கு நம் ஊரில் ஆலோசனைப் பஞ்சம் ஏற்படுவதில்லை. சந்திக் கடையில் தேநீர் அருந்துபவர் முதல் கோயில் மண்டபத்துத் தூணிற் சாய்ந்திருப்பவர் வரை எல்லோரும் இவ்விடயத்திற் பண்டிதர்களே. யப்பானியக் கார்தான் கார் என்பார் ஒருவர். இந்தியக் காருக்கே உதிரிப்பாகம் மலிவு என்பார் இன்னொருவர். வெள்ளை நிறமென்றால் திரும்ப விற்கும்போது விலை போகும் என்று அடித்துச் சொல்வார் வேறொருவர். அந்தக் காரின் பதிவு யார் பெயரில் உள்ளது, நாளை அது ஒருவரை மோதினால் பணம் எவருடைய மடியிலிருந்து போகும் என்னும் இரண்டு கேள்விகளை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. அண்மையில் எமது குடும்பத்தில் ஒரு கார் வாங்க நேர்ந்தபோது, நாம் இவ்விரண்டையும் பிடித்துக்கொண்டு விடாது நின்றோம். அதனால் வீட்டில் எழுந்த வாதப் பிரதிவாதங்கள் மற்றக் குடும்பங்களுக்கும் உதவக்கூடும் என்று எண்ணியே இதனை எழுதுகின்றோம்.

கார் தேடியவன் எமது மருமகன், தங்கையின் மூத்த பிள்ளை, வயது 23. வீடு கோண்டாவிலில், ஆசிரியத் தொழிலோ கிளிநொச்சியில். ஏ9 வீதி வழியே போகும்போது 60 கிலோமீற்றருக்கு மேல், வரும்போதும் அதேயளவு. அதே திசையில் தொழிலுக்குச் செல்லும் நண்பர்கள் இருவர் பெற்றோற் செலவிற் பங்குகொள்ள இசைந்திருந்தார்கள். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து ஓராண்டுகூட நிறையவில்லை. கையிலிருந்த தொகை 30 இலட்சம் ரூபா. அதில் அவனுடைய சேமிப்புச் சிறிது, தாயார் பிடித்த சீட்டுக் காசு சிறிது. பெரும்பகுதி தகப்பனார் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம். அவர் முப்பது ஆண்டுகள் உழைத்ததற்கு ஒரே முறை கிடைத்த கூலி அது. மறுமுறை வருவதற்கில்லை.

இத்தொகை ஒரு காலத்தில் நல்லதொரு காருக்குத் தாராளமாகப் போதும். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், நாட்டினுள் இருந்த கார்களே கைக்குக் கை மாறின. வயது ஏற ஏற விலையும் ஏறும் விந்தையை அப்போது கண்டோம். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தபோதிலும், தீர்வையையும் சேர்த்துப் பார்த்தால் புதிய கார் எம்போன்றோருக்கு எட்டாத கொம்பிலேதான் இருக்கின்றது. எனவே, பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறிய கார், அன்றேல் முப்பது வயதை அணுகும் பெரிய கார். இவ்விரண்டில் ஒன்றையே நாம் தேடவேண்டியிருந்தது.

இளைஞன் எதனை நாடுவான் என்று சொல்லவும் வேண்டுமா? 1990களின் நடுப்பகுதியில் யப்பானில் உருவான சன்னிக் கார் ஒன்று தரகர் ஒருவர் மூலம் அகப்பட்டது. தாழ்ந்த உடல், பளபளக்கும் சில்லுகள், பின்புறக் கண்ணாடியின் கீழ் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள். விலை 28 இலட்சம். மருமகன் அதனைச் சுற்றி இரண்டு முறை நடந்தான். மூன்றாம் முறை நடக்கும்போது அவன் மனத்தில் அது தனக்கே உரியதாகிவிட்டது என்பதை நாம் முகத்திலே கண்டுகொண்டோம்.

தகப்பனாரும் அவன் பக்கமே நின்றார். அவருடைய வாதத்தை எளிதிற் புறக்கணிக்க முடியாது. யாழ்ப்பாணத்தவர் பழைய காரைக் கண்டு பயப்படுபவர்களல்லர். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கண்ணிற் காணக் கிடையாத பொருளாயிற்று. அக்காலத்தில் ஒஸ்ரின் கேம்பிறிஜ், ஏ40, மொறிஸ் மைனர் முதலிய கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுறேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வீதியெல்லாம் அந்தப் புகைமணம். பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களும் மணவறைக்குப் போனவர்களும் அக்கார்களிலேயே போனார்கள். "அந்தக் காரெல்லாம் ஓடின ஊரிலை இந்தச் சன்னி ஓடாதோ?" என்று அவர் கேட்டார். ஓடும், சந்தேகமில்லை. அக்காலத்துக் கார்களை மரநிழலில் வைத்துச் சாவியும் சுத்தியலும் கொண்டு திருத்தலாம் என்பதும் உண்மையே. ஆனால் நாம் கேட்க விரும்பியது ஓடுமா என்பதன்று.

இருப்பினும் முதலில் காரையே பார்த்தோம். கார் பார்க்கப் போகின்றவர் காலையில், அறிவித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகப் போவது நன்று. விற்பவர் எஞ்சினை முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் அதன் குறைகள் பல மறைந்துவிடும். பொனற்றிற் கை வைத்தாலே சங்கதி தெரிந்துவிடும். கிளப்பும்போது நீலப் புகை கக்கினால் எண்ணெய் எரிகின்றது. சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை நிற்கவில்லையானால் குளிர்நீர் எஞ்சினுள்ளே கசிகின்றது என்று ஐயுறல் வேண்டும். எண்ணெய் மூடியைத் திறந்து பார்க்கையில் அதன் உட்புறத்தில் பால் கலந்த தேநீர் போன்ற பசை தெரிந்தாலும் அதே ஐயந்தான். உடலில் காந்தம் ஒன்றை ஓடவிட்டால், இரும்புத் தகடுள்ள இடத்தில் ஒட்டும். தடிப்பாகப் பசை பூசி நிரவிய இடத்தில் வழுக்கும். இருக்கைப் பட்டியை அதன் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. வெள்ளத்தில் நின்ற காரின் வெளிப்புறத்தை எவ்வளவு கழுவினாலும், பட்டியின் அடியிற் சேற்றுக் கறை தங்கிவிடும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போதும் நாட்டில் எத்தனையோ வாகனங்கள் நீரில் நின்றன. அவற்றிற் சில துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருதல் இயல்பே.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்துள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் அது செய்யப்பட்டது என்பது பொருள். பூ தேயாதிருந்தாலும் வயதான றப்பர் வெடிக்கும். மைல்மானி குறைந்த ஓட்டத்தைக் காட்ட, மிதிகட்டைகளின் றப்பர் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் இரண்டிலொன்று பொய் சொல்கின்றது; றப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சன்னி இச்சோதனைகளிற் பெரும்பாலானவற்றைத் தாண்டிவிட்டது. கூட வந்த மெக்கானிக் முன்சில்லின் தாங்கி ஒன்றையும் கிளச்சையும் குறை கூறினார், அவ்வளவே. மருமகனுக்கு முகம் மலர்ந்தது. அதன் பின்னரே நாம் பதிவுச் சான்றிதழைக் கேட்டோம்.

சான்றிதழில் இருந்த பெயர் குருநாகலைச் சேர்ந்த ஒருவருடையது. அவர் விற்றார், வாங்கியவர் தம் பெயருக்கு மாற்றவில்லை. அவரிடமிருந்து வாங்கியவரும் மாற்றவில்லை. இப்போது தரகரிடம் இருப்பது, முதலாமவர் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுதப்படாது வெறுமையாக விடப்பட்ட உரிமை மாற்றப் படிவம். இதனைத்தான் நம் நாட்டுக் கார்ச் சந்தையில் 'ஓப்பன் பேப்பர்' என்று மிக இயல்பாகச் சொல்கின்றார்கள். "விரும்பின நேரம் உங்கடை பேரை எழுதலாம்" என்றார் தரகர், ஒரு சலுகையை வழங்குபவர் போல. மருமகனும், "எல்லாரும் இப்பிடித்தானே மாமா வாங்கினம்" என்றான்.

எல்லோரும் இப்படி வாங்குவது உண்மையாகலாம். ஆயினும் அந்த வெற்றுப் படிவத்தின் பொருளைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசாங்கப் பதிவேட்டின்படி அக்கார் இன்னும் குருநாகலைக்காரருடையது. அவர் காலமாகிவிட்டால், உரித்தாளிகளிடம் போய் நிற்கவேண்டும். அவருடைய கையொப்பத்திலோ அடையாள அட்டைப் பிரதியிலோ குறையிருந்தால், முகமறியாத அவரை மறுபடியும் தேடிப் பிடிக்கவேண்டும். நடுவிலுள்ள இருவரும் எவ்வித எழுத்தும் இன்றி மறைந்துவிட்டார்கள். காரின் மேல் குத்தகைக் கம்பனி ஒன்றின் உரிமை பதியப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததா என்பதைக் கம்பனியின் எழுத்தாலன்றி அறிய முடியாது. மோட்டார் வாகனத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவிலக்கத்தைக் கொடுத்தால் வாகனத்தைப் பற்றிய சில விபரங்களைப் பார்க்கலாம்; சான்றிதழை அவற்றோடும், எஞ்சினிலும் சட்டத்திலும் பொறித்துள்ள இலக்கங்களோடும் ஒத்துப் பார்ப்பது அரைமணி நேர வேலைதான்.

இவற்றினும் பெரிய இடையூறு காப்புறுதியிலே வருவது. க.பொ.த. உயர்தர வகுப்பில் வர்த்தகப் பாடம் படிக்கும் மாணவர்கள் 'காப்புறுதி நாட்டம்' என்னும் தத்துவத்தை அறிவார்கள். ஒரு பொருள் அழிந்தால் தனக்கு நட்டம் என்று சட்டப்படி காட்டக்கூடியவனே அப்பொருளைக் காப்புறுதி செய்யலாம் என்பதே அது. அண்டை வீட்டுக்காரரின் வீட்டுக்கு நாம் காப்புறுதி எடுக்க முடியாது. பதிவு மாற்றப்படாத காரோ, பணம் முழுவதையும் கொடுத்த பின்னும், ஏட்டளவில் அண்டை வீட்டுக்காரரின் கார்தான். விபத்து நிகழ்ந்த பின்னர், "நீர் யார்? இக்காருக்கும் உமக்கும் என்ன தொடர்பு?" என்று கம்பனி கேட்டால், கையிலிருப்பது திகதியில்லாத ஒரு தாள். 28 இலட்சத்தை அத்தாளின் மேல் வைப்பதற்கு நாம் ஒருப்படவில்லை.

அன்று மாலை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இளைஞர்களுக்கு இத்தகைய வேளைகளில் மூத்தோர் விளக்கம் கூறக் கூறக் கோபந்தான் மூளும். ஆகையால் நாம் மேலும் பேசவில்லை. பதிவைத் தரகர் முதலில் தம் பெயருக்கோ நேரே மருமகன் பெயருக்கோ மாற்றித் தந்தால், பணத்தை அன்றைக்கே எண்ணித் தருவதாக மட்டும் சொல்லியனுப்பினோம். தரகர் இரண்டு நாட்களில் அக்காரை வேறொருவருக்கு விற்றுவிட்டார். சன்னி என்னும் கார் மீது எமக்கு எக்குறையுமில்லை. குறை அதன் தாள்களிலேயே இருந்தது.

மூன்று வாரங்களின் பின் மானிப்பாயில், இளைப்பாறிய உத்தியோகத்தர் ஒருவரிடம் 2014 ஆம் ஆண்டின் அல்ரோ 800 ஒன்று இருந்தது. முதலுடைமையாளர் அவரே. 796 கனசென்ரிமீற்றர் கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட சிறிய எஞ்சின். ஒலிபெருக்கி ஒன்றே, அதுவும் இருமிக்கொண்டு. சேவை செய்த திகதிகளையெல்லாம் அம்மனிதர் ஒரு கொப்பியில் மணி மணியான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். விலை 27 இலட்சம். மருமகன் ஒரு முறைதான் சுற்றி நடந்தான்.

இச்சிறு காரை நாம் வானளாவப் புகழப் போவதில்லை. காற்றுப்பை இல்லாத அல்ரோ 800, 2014 இல் குளோபல் என்கெப் அமைப்பு நடத்திய மோதற் பரிசோதனையில் வளர்ந்தோர் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதனை மருமகனிடம் மறைக்காமற் சொன்னோம். எமது பணத்துக்குள் அகப்பட்ட கார்களெல்லாம் இப்பாதுகாப்புக் குறை உடையனவே. அதற்கு ஈடு செய்யக்கூடியது அவனுடைய வலது பாதம் ஒன்றுதான். ஆனையிறவுப் பரப்பில் வீதி நேராக நீண்டு கிடக்கும்போது அப்பாதத்தை அடக்குவது இளமையில் எளிதன்று. அதனையும் சொன்னோம்.

உடையவர் எம்மோடு கூடவே வந்து படிவங்களிற் கையொப்பமிட்டு, விற்பனையைத் திணைக்களத்துக்குத் தாமும் அறிவித்தார். தம் பெயரிலிருக்கும் காரை வேறொருவன் எங்கோ கொண்டுபோய் மோதினால் பொலிசார் முதலில் தம் படலையைத்தான் தட்டுவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். உண்மையில், திறந்த தாளில் விற்பவனுக்கும் வாங்குபவனுக்குச் சமமான ஆபத்து உண்டு.

இனிக் காப்புறுதி. தங்கை ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேட்டாள்: "அண்ணை, சட்டம் கேக்கிறது மூன்றாந் தரப்புத்தானே? அதைப் போட்டாக் காணாதோ?" 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது அதனையே, அச்சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இன்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. ஆதலால் பலர் அதனை அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கான ஒரு சீட்டு என்றே எண்ணுகின்றனர். மலிவானதை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டியதும் மறந்துவிடுகின்றனர்.

மூன்றாந் தரப்பு என்றால் யார்? முதல் தரப்பு காரின் உடைமையாளர். இரண்டாந் தரப்பு கம்பனி. இருவரும் கையொப்பமிட்டுப் பணம் கொடுத்து வாங்கி ஒரு பொருத்தம் செய்துகொள்கின்றனர். அப்பொருத்தத்திற் கையொப்பமிடாதவர், அப்படியொன்று இருப்பதையே அறியாதவர், மூன்றாமவர். சுன்னாகம் சந்தைக்கு வாழைக்குலை கட்டிய சைக்கிளை உருட்டிச் செல்லும் முதியவர்; பாடசாலை விட்டதும் மதகடியில் தெருவைக் கடக்கும் பிள்ளை. அனுமதிப்பத்திரம் எடுத்து ஓராண்டு நிறையாத ஒருவன் வீதிக்கு வரும்போது அவன் யார் மேல் தன் கற்றுக்குட்டித்தனத்தைச் சுமத்துகின்றானோ, அவர்களுக்காகவே சட்டம் இதனை விதித்தது. இது சாரதிக்குச் செய்யும் உதவியன்று. அவனால் இடருறக்கூடியவருக்கு முன்கூட்டியே கட்டி வைக்கும் கடன். ஆகவே அதனைக் குறைத்து மதிக்கலாகாது என்று தங்கைக்குச் சொன்னோம். அது காணாது என்பதையும் சொன்னோம். ஏனெனில் கட்டாயக் காப்புறுதி மற்றவருடைய உயிரையும் உடலையும் நோக்கியது. காரே நொறுங்கிப்போனால் தகப்பனாரின் முப்பது ஆண்டு உழைப்புக்கு அதிலிருந்து ஒரு சதமும் வராது. அதற்கு முழுமைக் காப்புறுதி வேண்டும்.

முழுமைக் காப்புறுதியின் கட்டுப்பணம் அவனுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வந்தது. சன்னிக்குக் கொடுத்திருந்தால், எஞ்சும் 2 இலட்சத்தைத் தாங்கியும் கிளச்சும் தின்றிருக்கும், காப்புறுதிக்கு இடமிராது. கார் வாங்கும் தொகை வேறு, காப்புறுதி வேறு என்று கணக்குப் பார்ப்பதே பிழை. இரண்டும் ஒரே விலையின் இரு பகுதிகள். பிரித்தானியா போன்ற நாடுகளில் இளஞ்சாரதியின் வயதே கட்டுப்பணத்தை விண்ணில் ஏற்றிவிடும். இங்கே பெரும்பாலும் வாகனத்தின் பெறுமதியையும் பாவனையையும் கொண்டே கணிக்கின்றார்கள். எனினும் சில கம்பனிகள் இளையவரோ அனுபவமற்றவரோ ஓட்டி நேர்ந்த விபத்தில், முதற் பகுதி நட்டத்தை உடைமையாளரே ஏற்கவேண்டுமென்று ஒரு வாசகத்தைச் சேர்த்துவிடுவதுண்டு. அவ்வாசகத்தைத் தேடிப் படித்தல் நலம்.

பெறுமதியை எவ்வளவு என்று எழுதுவது? குறைத்து எழுதினால் கட்டுப்பணம் குறையும் என்று முகவர்களிற் சிலரே சொல்லிக் கொடுக்கின்றனர். பத்திரத்திற் 'சராசரி விதி' இருக்குமானால் அதன் பலனைப் பாருங்கள். சந்தையில் 40 இலட்சம் பெறும் காரை 30 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவர், 4 இலட்சம் ரூபா சேதத்துக்கு 3 இலட்சமே பெறுவார். மீதியைத் தம் கையால் இறுக்கவேண்டும். கூட்டி எழுதினாலும் பயனில்லை. நட்டத்துக்கு மேல் ஒரு சதமும் கம்பனி தராது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது அன்றைய சந்தை விலையை விசாரித்து எழுதவேண்டும். இறக்குமதி நின்றிருந்த ஆண்டுகளில், பழைய பெறுமதியிலேயே புதுப்பித்துக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் இவ்விதியின் கூர்மை தெரிந்திருக்கும்.

இவ்விடத்தில் வீட்டில் ஒரு யோசனை எழுந்தது. தகப்பனார் முன்பு கார் வைத்திருந்தவர். பல ஆண்டுகள் எந்தக் கோரிக்கையும் செய்யாததால் கழிவு பெற்றவர். காரை அவர் பெயரிற் பதிந்து, அவரே பிரதான சாரதி என்று எழுதிவிட்டால் என்ன? நாம் மறுத்தோம். காப்புறுதியில் 'உச்ச நம்பிக்கை' என்றொரு தத்துவம் உண்டு. கேட்டாலும் கேளாவிட்டாலும், முக்கியமான உண்மையை மறைத்தவனுக்குக் கம்பனி பணம் மறுக்கலாம். நாள்தோறும் கிளிநொச்சிக்கு ஓட்டுபவன் மகன்; ஊரறிந்த சங்கதி. சிறு கழிவுக்காக முழுத் தொகையையும் ஆட்டங்காணச் செய்வானேன்? விண்ணப்பத்தில் மருமகனே தன் வயதையும் அனுமதிப்பத்திரத் திகதியையும் உள்ளபடி எழுதினான்.

எழுதி முடிக்கும் தறுவாயில் அவனாகவே ஒரு வரியில் நின்றுவிட்டான். கார் வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தப்படுமாயின் இக்காப்புறுதி செல்லாது என்பது அவ்வரி. "நண்பர்மார் ரெண்டுபேரும் பெற்றோலுக்குக் காசு தருகினம். அது கூலியோ ஐயா?" என்று அலுவலரைக் கேட்டான். அலுவலர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, அதெல்லாம் பரவாயில்லை, நண்பர்கள்தானே என்றார். மருமகன் பேனாவைக் கீழே வைத்தான்.

"அப்ப அதை எழுதித் தாருங்கோ."

கடிதம் மேலிடத்திலிருந்து வரவேண்டும் என்றார்கள். நான்கு நாட்கள் சென்றன. அந்நான்கு நாட்களும் மூவரும் விடியற்காலையில் பஸ்ஸுக்கு ஓடினார்கள். கார் முற்றத்து மாமரத்தின் கீழே, சில்லுகளுக்குக் கீழ் நசுக்க வாங்கிய தேசிக்காய்களுடன் நின்றது.